ஆடிப்பெருக்குத் தண்ணீருக்கு ஏன் நீலம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு மலரில் அந்தக் கால ஆடிப்பெருக்கு என்று ஒரு கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கலர் ஏற்றிப் போட்டிருந்தீர்கள். படியைப் பார்த்ததுமே எங்கள் திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறை என்று தெரிந்துவிட்டது. தண்ணீரைப் பார்த்தால்தான் வேறு ஊர் மாதிரி இருந்தது. அப்படி ஒரு நீலம்! ஆடி 18-ல் காவிரி எங்களுக்குச் செம்மண் கரைத்த கலங்கலாகத்தான் வரும். அதை இரண்டு கையாலும் அள்ளித் தலையில் விட்டுக்கொண்டவர்கள் நாங்கள். போதாததற்குப் பெண்கள் கையிலிருந்த முளைப்பாரி முழுக்க நாற்றங்கால் பச்சை. வெயில் காட்டாமல் இருட்டில் வளர்க்கிற பயிர் வெளிறிய மஞ்சளாக அல்லவா இருக்கும்?

குறை சொல்ல எனக்கு உரிமை உண்டு என்றே நினைக்கிறேன். அப்பா இங்கே ஸ்டூடியோ வைத்திருந்தார், அவருக்குப் பின் நான். கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கலர் போடுவது எங்கள் வீட்டில் பழைய தொழில். பளபளக்கிற தாளில் சாயம் ஒட்டாது என்று மேட் தாளில் பிரிண்ட் போட்டு, ஈர்க்குச்சியில் பஞ்சு சுற்றி, ஆயில் கலரைத் தொட்டுத் தொட்டுத் தேய்ப்பார் அப்பா. ஒரு கல்யாணப் படத்துக்கு இரண்டு நாள் ஆகும். அதற்குள் பொண்ணு மாப்பிள்ளை ஊருக்குப் போயிருப்பார்கள். அதனால் படம் எடுத்த அன்றைக்கே நெகட்டிவ் உறையின் மேல் பென்சிலால் எழுதி வைத்துவிடுவார்: "புடவை அரக்கு, பார்டர் மாம்பழ மஞ்சள், ஜாக்கெட் பச்சை."

அந்த உறையின் அருமை எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. நான் 1999-ல் கம்ப்யூட்டர் வாங்கி ஃபோட்டோஷாப் பழகினேன். படத்தை ஸ்கேன் செய்து, மேலே ஒரு லேயர் போட்டு, அதைக் ‘கலர்’ மோடில் வைத்துப் பிரஷ்ஷால் தடவினால் நிறம் மட்டும்தான் ஏறும். அடியில் இருக்கிற வெளிச்சமும் நிழலும் அப்படியே நிற்கும். தவறினால் அழித்துக்கொள்ளலாம், அப்பாவுக்கு அந்த வசதி கிடையாது. குடமுருட்டிக் கரையோர ஊரிலிருந்து ஒரு பாட்டி தன் கல்யாணப் படத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கல்யாணமாயிற்றே என்று புடவைக்கு நல்ல சிவப்பாகப் போட்டு, பெரிதாக்கி, சட்டமும் போட்டு வைத்திருந்தேன். வாங்கிப் பார்த்தவர்கள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "தம்பி, அது கிளிப்பச்சை. எங்க அண்ணன் எடுத்துக் குடுத்தது" என்றார்கள். காசு வாங்க எனக்கு மனம் வரவில்லை. சட்டத்தைப் பிரித்து மறுபடி போட்டேன்.

சிவப்பும் பச்சையும் கறுப்பு வெள்ளையில் ஒரே சாம்பலாக விழக்கூடும். சாம்பலை மட்டும் வைத்துக்கொண்டு எது எது என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்கும் முந்தைய ஆர்த்தோ பிலிமுக்குச் சிவப்பே தெரியாது. அதில் குங்குமம் கறுப்புப் பொட்டாக நிற்கும். அதைப் பார்த்துச் சாந்துப் பொட்டு என்று நினைத்துக் கறுப்பாகவே விட்டவர்கள் உண்டு.

2020-லிருந்து ஃபோட்டோஷாப்பிலேயே பொத்தானை அழுத்தினால் தானாகக் கலர் போட்டுக்கொள்ளும் வசதி வந்துவிட்டது. அது ஏராளமான கலர்ப் படங்களைப் பார்த்துப் பழகியது. அவற்றில் தண்ணீர் பெரும்பாலும் நீலம், இலை தழை பச்சை. ஆடி மாதத்துக் காவிரியை அதற்கு யார் காட்டினார்கள்? ஆளுக்கும் அதே கதைதான். நடவு வெயிலில் கறுத்த முதுகையும் நிழலில் இருந்த முகத்தையும் ஒரே கோதுமை நிறமாக்கிவிடுகிறது. (கேட்டவர்களுக்கு அப்பாவும் ஒரு சுற்று சிவப்பாக்கிக் கொடுத்தவர்தான், மறைப்பானேன். ஆனால் அது கேட்டுச் செய்தது.)

கலர் போடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்தப் படித்துறையில் குளித்த பெரியவர்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள். ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் தண்ணீர் நிறம் மட்டுமா, சப்பரம் இழுத்த கதையெல்லாம் சேர்த்துச் சொல்லியிருப்பார்கள். கேட்க நேரமில்லை என்றால் படத்தின் கீழே ‘கணினியில் வண்ணமிட்டது’ என்று ஒரு வரியும், பக்கத்தில் சின்னதாக மூலப் படமும் போடுங்கள். நாளைக்குப் பள்ளிப் பிள்ளை ஒன்று அதை வெட்டி நோட்டில் ஒட்டும், சார்.

அப்பா அதே படித்துறையில் எடுத்த ஆடிப்பெருக்குப் படம் ஒன்றின் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். கறுப்பு வெள்ளைதான். கலர் போட்டுத்தான் வெளியிடுவீர்கள் என்றால் உறையில் அவர் எழுதியிருப்பது இது: "தண்ணி காப்பி நிறம். நுரை மட்டும் வெள்ளை."

இப்படிக்கு,
பழைய ஸ்டூடியோக்காரன்,
திருவையாறு.