பொலிஷ் வேலையின்போது மாஸ்கிங் டேப் ஒட்டாததால் எனது காருக்கு ஏற்பட்ட சேதம் பற்றிய முறைப்பாடு

கல்லடி,
மட்டக்களப்பு.

முகாமையாளர் அவர்கட்கு,

ஐயா,

கடந்த மாதம் 14ஆம் திகதி 18,500 ரூபாய் செலுத்தித் தங்கள் நிலையத்தில் எனது சிவப்பு நிற அல்டோ காருக்கு மெஷின் பொலிஷ் செய்வித்தேன். காலஞ்சென்ற என் தந்தையார் பேணிய வாகனம் என்பதால், கறுப்புப் பிளாஸ்டிக் பாகங்களையும் கண்ணாடியோர இறப்பர் பீடிங்கையும் மாஸ்கிங் டேப்பால் மூடிய பின்னரே வேலையைத் தொடங்குமாறு முற்கூட்டியே கேட்டிருந்தேன். "அதெல்லாம் ஒட்டித்தான் செய்வம்" என்று பொறுப்பாளர் உறுதியளித்தார்.

மாலையில் கழுவிய ஈரத்துடன் கார் கையளிக்கப்பட்டதால் எனக்கு எதுவும் தெரியவில்லை. மறுநாள் வெயிலில் காய்ந்ததும் பக்கக் கண்ணாடி உறைகளிலும், கதவுக் கைபிடிகளிலும், பீடிங் நெடுகிலும், பொலிஷ் செய்யப் பூசும் பசையான கொம்பவுண்ட் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. கழுவினால் போய்விடும் என்றார்கள்; மூன்று முறை கழுவினேன். நனைந்திருக்கையில் மறையும் அந்த வெண்மை, காய்ந்தவுடன் மீண்டும் தெரிகிறது. சொரசொரப்பான பிளாஸ்டிக்கின் நுண்குழிகளுக்குள் கொம்பவுண்டின் எண்ணெயும் அரைதுகளும் இறங்கிவிட்டால் அவை துணியால் துடைத்து எடுபடுவதில்லை. இரண்டாம் முறை கொண்டுவந்தபோது தங்கள் ஊழியர் தின்னர் தேய்த்ததில், வலது கண்ணாடி உறை சாம்பல் நிறமாக வெளிறியும் விட்டது.

இதைவிட என்னை வருத்துவது பொனெட்டின் முன்விளிம்பு. விளிம்புகளில் வர்ணப்பூச்சு மெல்லியதாக இருப்பதாலும், சுழலும் பொலிஷ் பஞ்சின் அழுத்தமும் சூடும் அங்கேயே குவிவதாலும், விளிம்புக்கும் டேப் ஒட்டுவது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. அது செய்யப்படாமையால் ஏறத்தாழ நான்கு விரல் நீளத்துக்குச் சிவப்பு தேய்ந்து அடிப்பூச்சு தெரிகிறது.

மட்டக்களப்பு வெயிலில் டேப்பின் பசை ஒட்டிக்கொள்ளும் என்பதால் தவிர்த்ததாகப் பொறுப்பாளர் பின்னர் விளக்கினார். வெப்பமான கச்சான் காற்று வீசும் காலத்தில் சாதாரணக் கடதாசி டேப்பை நாட்கணக்கில் விட்டால் பசை தங்கும் என்பது உண்மையே. அதற்குப் பரிகாரம், வாகனங்களுக்கென வரும் டேப்பை நிழலில் ஒட்டி, வேலை முடிந்த அன்றே மெதுவாக உரித்துவிடுவதாகும், ஒட்டாமலே விடுவதன்று. மாஸ்கிங் டேப்பே 1925 அளவில் அமெரிக்காவில் ரிச்சர்ட் ட்ரூ என்பவரால், இருநிறக் கார்களுக்கு வர்ணம் பூசுவோரின் சிரமத்தைத் தீர்க்கவே உருவாக்கப்பட்டது. காருக்கென்றே பிறந்த பொருள் காருக்கு ஒவ்வாது என்பதை நான் எப்படி ஏற்பது?

எனவே, பீடிங்கையும் இரு கண்ணாடி உறைகளையும் புதிதாக மாற்றித் தருமாறும், கைபிடிகளைச் சீர்செய்து, பொனெட் விளிம்புக்குத் தங்கள் செலவில் வர்ணம் பூசுமாறும் கேட்டுக்கொள்கிறேன். எஞ்சியுள்ள பூச்சின் தடிப்பை அளந்து பார்க்காமல் பொனெட்டில் மீண்டும் மெஷின் வைக்க நான் சம்மதிக்கமாட்டேன். 14 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் கிடைக்காவிடின், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடுவேன்.

பற்றுச்சீட்டின் பிரதியும், ஈரத்திலும் காய்ந்த பின்னும் எடுத்த படங்களும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இங்ஙனம்,
தங்கள் வாடிக்கையாளர்