அனுப்பி வைக்கிறீர்கள், திரும்பி வரும்போது கரையில் யார் நிற்பது?

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி, தங்கச்சிமடம் என்று நம் கரையோர ஊர்களில் பிறந்து, துபாயிலும் சிங்கப்பூரிலும் அதற்கும் அப்பாலும் தொழில் செய்துகொண்டு, ஊர்ப் பிள்ளைகள் படிக்கப் பணம் தருகிற டிரஸ்ட் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

மண்டபம் பக்கம் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், ரயில் டிக்கெட். பதினோரு வருஷமாக உங்கள் உதவித்தொகைப் படிவங்களை நிரப்பிக் கொடுக்கிறவன். உங்களில் ஒருவரையும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் உங்கள் படிவங்கள் எனக்கு மனப்பாடம். ஒன்றில் நாலாவது பக்கத்தில் ‘தந்தை பணிபுரியும் நிறுவனத்தின் முகவரி’ என்று ஒரு கட்டம் வரும். நிரப்பாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது. ஒரு மீனவர் வீட்டுப் பையனுக்காக ‘பாக் நீரிணை’ என்று போட்டுப் பார்த்தேன். ஏற்றுக்கொண்டது.

கொடுக்கிற கையைக் குறை சொல்ல நான் ஆளில்லை. செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்று பெயர் வாங்கியவர் அடங்கியிருக்கிற மண் கீழக்கரை. பாடி வந்த புலவருக்குச் சமாதியிலிருந்து கை நீட்டி மோதிரம் கொடுத்தார் என்பது கதை. மோதிரத்தை வாங்கிக்கொண்டு போன புலவர் அப்புறம் என்ன ஆனார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. நான் கேட்க வருவது அந்த ‘அப்புறம்’ பற்றித்தான். ஏனென்றால் உங்களில் சிலர் இப்போது வெளிநாட்டுப் படிப்புக்கும் உதவத் தொடங்கியிருக்கிறீர்கள்.

போன வருஷம் ஒரு பெண் வந்தாள். கடற்கரைச் சூழலியல் படிக்க ஜெர்மனியில் இடம் கிடைத்திருந்தது. அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். அம்மா கடற்பாசி எடுக்கப் போகிறவர். அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், தீவுப் பக்கம் முங்கிப் பாசி எடுத்து வருவார். பாறை அறுக்காமல் இருக்க விரலுக்கு விரல் துணி சுற்றிக்கொள்வார்கள், அப்படியும் அறுக்கும். வருமானச் சான்றிதழுக்கு ஆதாரைச் சரிபார்க்க அந்த அம்மாவின் விரலை மெஷினில் வைத்தோம். எடுக்கவில்லை. துடைத்து, தேங்காய் எண்ணெய் தொட்டு, பத்து விரலையும் வைத்துப் பார்த்தாயிற்று. ரேகை இருந்தால்தானே எடுக்கும்? சரி, ஓடிபி வரவழைக்கலாம் என்றால், ஆதாரில் கொடுத்திருந்த நம்பர் அப்பாவுடையது. அந்த போன் அவரோடு படகில் போய், எல்லை தாண்டினார்கள் என்று பிடிபட்டு, அவரோடு சேர்ந்து இலங்கையில் இருந்தது.

ஒரு டிரஸ்ட், ‘தந்தையின் கையொப்பம் இல்லை’ என்று விண்ணப்பத்தைத் திருப்பியது. காரணத்தைக் கடிதமாக எழுதி, படகு பிடிபட்ட செய்தி வந்த பேப்பரையும் இணைத்திருந்தேன். இன்னொரு டிரஸ்ட் நல்ல மாதிரிதான் பேசியது, ஆனால் கல்விக் கட்டணம் மட்டுமே தருவது அவர்கள் விதி. ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணமே கிடையாது. வேண்டியது வேறு. ஒரு வருஷச் செலவுக்கு 11,904 யூரோ ஒரு கணக்கில் முடக்கி வைத்திருக்கிறேன் என்று காட்டினால்தான் விசா. நம் காசுக்குப் பத்து லட்சத்துக்கு மேல். கட்டணமில்லாத படிப்புக்குக் கட்டணம் மட்டும் தருவேன் என்று ஒருவர் சொன்னால் நான் என்ன பதில் எழுதுவது? அந்தப் பணம் எங்கும் ஓடிவிடுவதில்லை. மாதம் 992 யூரோவாக அந்தப் பிள்ளைக்கே சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் வரும். நீங்கள் அதைக் கடனாகக் கொடுத்திருந்தால்கூட அவள் போயிருப்பாள். விமானம் ஏறுவதற்கு முன்னாலேயே முடிந்துபோகிற விண்ணப்பங்கள்தான் என் கடையில் அதிகம். மதுரைக்குப் போய் எழுதுகிற ஆங்கிலத் தேர்வுக்கே பதினேழாயிரத்துக்கு மேல் ஆகிறது.

இதைவிட யோசிக்க வேண்டியது வீட்டில் நின்றுபோகிற வருமானம். வங்கதேசத்தில் சிட்டகாங் நகரில் ஆசியப் பெண்கள் பல்கலைக்கழகம் 2008 முதல் நடக்கிறது. பல நாட்டு ஏழைப் பெண்கள் நன்கொடையாளர்களின் பணத்தில் அங்கே படிக்கிறார்கள். 2016-இலிருந்து தையல் ஆலைகளில் வேலை பார்க்கும் பெண்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். அவர்கள் படிக்கும் காலத்தில் ஆலைக்காரர்கள் சம்பளத்தைத் தொடர்ந்து கொடுக்கிறார்கள். பாசி காய வைப்பதிலும் கருவாட்டுக் கொட்டகையிலும் கூலி வாங்கும் ஒரு பெண் படிக்கப் போனால், அந்த வீட்டில் எது நிற்கும் என்று நம் ஊர் டிரஸ்ட் எதுவும் இதுவரை கேட்டதில்லை. கேட்பதற்குப் படிவத்தில் கட்டமும் இல்லை.

இவ்வளவையும் தாண்டிப் போய்ப் படித்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். திரும்பி வரும்போது?

பாம்பன் பக்கம் குந்துகால் கரையில் விவேகானந்தர் மண்டபத்தைப் பார்த்திருப்பீர்கள். அவர் சிகாகோ போக ஊக்கமும் உதவியும் தந்தவர்களில் ஒருவர் நம் ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி. 1897 ஜனவரியில் சுவாமி பாம்பனில் வந்து இறங்கியபோது, அனுப்பியவரே கரையில் வந்து நின்றார். அதே சமஸ்தான காலத்தில் இன்னொரு பயணமும் நடந்தது. பரோடா மன்னர் மாதம் பதினொன்றரை பவுண்டு உதவித்தொகை கொடுத்து 1913-இல் அம்பேத்கரை அமெரிக்காவுக்கு அனுப்பினார். படித்து முடித்துவிட்டுப் பரோடா சமஸ்தானத்தில் வேலை பார்க்க வேண்டும் என்பது ஒப்பந்தம். அவரும் 1917-இல் போய்ச் சேர்ந்தார். அந்த ஊரில் அவருக்குத் தங்க ஒரு வீடு கிடைக்கவில்லை. ஆபீஸில் கோப்புகளைக் கையில் தராமல் தூக்கிப் போட்டார்கள். கொஞ்ச நாளில் பம்பாய்க்குத் திரும்பிவிட்டார். மன்னர் கொடுத்த பணத்தில் குறை எதுவும் இல்லை. வந்து இறங்க ஊர் தயாராக இல்லை.

கென்யாவின் வங்காரி மாத்தாய் கதையும் கிட்டத்தட்ட இதுதான். கென்னடி குடும்பத்தின் அறக்கட்டளை பண உதவி செய்த திட்டத்தில் 1960-இல் அமெரிக்கா போய்ப் படித்தவர். 1966-இல் நாடு திரும்பி, நைரோபியில் தருவதாக எழுதிக் கொடுத்திருந்த வேலைக்குப் போய் நின்றால், அதை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர் விடாமல் நின்றார், அது அவருடைய குணம். 1977-இல் கிராமத்துப் பெண்களைக் கூட்டி மரம் நட ஆரம்பித்தார். பிழைத்து நின்ற ஒவ்வொரு கன்றுக்கும் அந்தப் பெண்களுக்குச் சிறு தொகை. 2004-இல் நோபல் அமைதிப் பரிசு வந்தது. ஆனால் வேலை போய்விட்டது என்று தெரிந்த அன்றைக்கே மனம் வெறுத்து மறுபடி அமெரிக்காவுக்கு விமானம் ஏறியிருந்தால் யாரும் அவரைத் தப்பு சொல்லியிருக்க முடியாது.

நம் பக்கத்துப் பையன் ஒருவன் அப்படித்தான் ஆனான். ஐரோப்பாவில் ஒரு நாட்டின் முழு உதவித்தொகையில் மீன்வளம் படித்தான். திரும்பி வந்து எட்டு மாசம் என் கடைக்கு வந்து வந்து வேலைக்கு விண்ணப்பம் போட்டான். இப்போது சென்னையில் ஒரு கம்பெனியில் இருந்துகொண்டு மன்னார் வளைகுடாவைப் பற்றி அறிக்கை எழுதுகிறான். நல்ல சம்பளம், சந்தோஷம்தான். கடலைத்தான் கம்ப்யூட்டரில் பார்க்கிறான்.

அவனுக்கு ஊரில் வேலை இல்லாமலா போயிற்று? 2017-இல் இழுவைப் படகுகளுக்குப் பதிலாக 80 லட்ச ரூபாய் ஆழ்கடல் சூரைப் படகு என்று ஒரு திட்டம் வந்தது. மானியம் மட்டுமே எழுபது சதவீதம். ஒரு ராத்திரி போய் விடியலில் கரை சேருகிற நம் ஆட்கள், வாரக்கணக்கில் கடலில் கிடக்க வேண்டிய படகைக் கண்டு தயங்கினார்கள். அந்தத் திட்டத்தின் கணக்கை மீனவர் பாஷையில் விளக்கவும், மீனவர் சொல்கிற கணக்கை அதிகாரி பாஷையில் எழுதவும் தெரிந்த ஒரு ஆள் கரையில் இல்லை. பாசி எடுக்கிற பெண்களிடம் போனால், எந்தத் தீவில் எந்த மாதம் பாசி தேறும், எப்போது விட்டுவைக்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்வார்கள். எழுதி வைக்கத்தான் ஆளில்லை.

ஆகவே நான் கேட்பது இதுதான். ஒரு பிள்ளையை அனுப்பும்போதே, திரும்பி வந்த பிறகு ஒரு வருஷத்துச் சம்பளத்தையும் தனியாக எடுத்து வையுங்கள். பெரிய தொகை வேண்டாம், ஒரு பள்ளி ஆசிரியர் வாங்குகிற அளவு போதும். அந்த வருஷம் அவன் அல்லது அவள் ஒரு மீனவர் சங்கத்தோடோ, பாசிப் பெண்கள் குழுவோடோ, ஒரு ஊராட்சியோடோ உட்கார்ந்து வேலை பார்க்கட்டும். அதற்குப் பிறகு எங்கே வேண்டுமானாலும் போகட்டும். பத்திரம் எழுதி வாங்காதீர்கள். பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகையில் படித்து முடித்தவர்கள் இரண்டு வருஷம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்று விதி உண்டு. விதி வைத்தால் ஆள் நாட்டில் இருப்பான், ஊரில் இருப்பான் என்று யார் சொன்னது? ஆண்டு விழா மேடையில் சால்வை போடுகிற செலவைக் குறைத்தாலே இதில் ஒரு பங்கு வந்துவிடும் என்று தோன்றுகிறது. சொல்லக் கூடாதுதான், சொல்லிவிட்டேன்.

இன்னொன்று. சுவீடனில் மால்மோ நகரில் உலகக் கடல்சார் பல்கலைக்கழகம் என்று ஒன்று 1983 முதல் இருக்கிறது. மாணவர்களில் பெரும்பாலோர் நன்கொடையில் படிப்பவர்கள், ஜப்பான்காரர்கள் கொடுக்கும் சசகாவா நிதி அதில் முக்கியமானது. அங்கே கடல் மேலாண்மை படிக்க ஒரு பாம்பன் பையனும் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண்ணும் போனால் ஒரே பெஞ்சில் உட்காருவார்கள். நம் இழுவைப் படகுகளின் மடி வலை தங்கள் வலையை அறுப்பதாக யாழ்ப்பாணப் பக்கத்துத் தமிழ் மீனவர்கள் அழுகிறார்கள். 2017-இல் இலங்கை அந்த மடி வலையையே தடை செய்துவிட்டது. நம் வீடுகளில் சிறைக்குப் போனவர்களுக்காக அழுகிறோம். இரண்டு அழுகையும் ஒரே தமிழில்தான் இருக்கிறது, ஆனால் பேசித் தீர்க்க உட்காருகிறவர்கள் டெல்லியிலும் கொழும்பிலும் இருந்து வருகிறார்கள். கரை தெரிந்த இரண்டு பேர் இரண்டு பக்கமும் இருந்தால் என்ன ஆகும் என்று ஒருமுறை செலவழித்துப் பார்க்கலாம்.

ஜெர்மனி போக முடியாமல் போன அந்தப் பெண்ணுக்கு இந்த வருஷம் மறுபடி இடம் கிடைத்திருக்கிறது. அப்பா திரும்பி வந்துவிட்டார், கையெழுத்தும் போட்டாயிற்று. போன வாரம் அம்மா தனியாகக் கடைக்கு வந்தார். விரல்களில் துணி இல்லை, இரண்டில் பிளாஸ்திரி. “அங்க போயிப் படிச்சிட்டு வந்து இவ இங்க என்னப்பா செய்வா?” என்று கேட்டார். கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பௌர்ணமிப் பாசி முடிந்ததும் மறுபடி வருவார்.

இப்படிக்கு,
உங்கள் படிவங்களை நிரப்புகிறவன்
மண்டபம்