காற்று கசியும் இடம்

செங்கோட்டை,
ஆடி 14

அன்புள்ள மாப்பிள்ளை சங்கரலிங்கத்துக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. இங்கே இந்த ஆண்டு சாரல் நன்றாகக் கட்டியிருக்கிறது. மூன்று நாளாக மெயினருவியில் குளிக்க விடவில்லை. புளியரைப் பக்கமிருந்து வருகிற காற்றில் வீட்டுத் தென்னை இரண்டு மட்டைகளைப் போட்டுவிட்டது. கடையைப் பையன் பார்த்துக்கொள்கிறான். பஞ்சர் என்று வந்தால் மட்டும் நான் போய் உட்காருகிறேன். பெரியவளுக்கு ஆவணியில் வளைகாப்பு. நீயும் தங்கையும் வராமல் இருக்கக்கூடாது.

கடிதத்தின் கடைசியில் நாலு வரி எழுதியிருக்கிறாயே, அதுதான் மனத்தை உறுத்துகிறது. தூக்கத்தில் மூச்சு தடைப்படாமலிருக்க மாஸ்க் வழியாகக் காற்றை அனுப்புகிற அந்த மூச்சு இயந்திரத்தைத் துணியில் சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டாயாம். மூக்கின் மேல் புண்ணாகிறது, கண்ணுக்குள் காற்றடிக்கிறது, குழாயில் நாற்றம் வருகிறது, நமக்கு இது ஒத்துவராது என்று எழுதியிருக்கிறாய். இரவில் மூச்சு தடைப்பட்டால் பகலில் கண் சொருகும்; தென்மலைக் காட்டுச் சாலையில் தினமும் ஸ்கூட்டர் ஓட்டுகிறவன் நீ. தயவுசெய்து அதை இன்றைக்கே கீழே இறக்கு. நீ சொல்கிற மூன்றும் எனக்கும் வந்தன. மூன்றும் இயந்திரத்தின் குற்றம் அல்ல. அதில் மாட்டியிருக்கும் மாஸ்க்கின் சிலிக்கோன் விளிம்பும் குழாயும், காற்றை ஈரப்படுத்த ஊற்றுகிற தண்ணீரும் செய்கிற வேலை.

எனக்குத் தூக்கப் பரிசோதனையில் மணிக்கு 42 முறை மூச்சு தடைப்பட்டது உனக்குத் தெரியும். இயந்திரம் வந்த பிறகு அது இரண்டு, மூன்றாக இறங்கியது. ஐந்துக்குக் கீழே இருந்தால் நல்லது என்றார் மருத்துவர். ஓராண்டு கழித்து மறுபடி பகலில் கண் சொருக ஆரம்பித்தது. திரையில் பார்த்தால் எண் 11. இரவில் மாஸ்க் ஓரத்தில் 'உஸ்' என்று சத்தம்; நான் வாரை இழுத்து இழுத்துக் கட்டினேன். உனக்கு வந்த அதே புண் எனக்கும் மூக்குத் தண்டில் வந்தது. 'பஞ்சரான டியூப் மாதிரி சத்தம் வருகிறது, நாற்பது வருடம் கடை வைத்திருந்தவருக்குக் கேட்கவில்லையா?' என்று ஒரு நாள் வீட்டுக்காரி கேட்டாள்.

அன்று காலையே பேசினில் தண்ணீர் பிடித்தேன். குழாயை இயந்திரத்திலிருந்து முழுதாகக் கழற்றி, ஒரு முனையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, மறுமுனையில் வாய் வைத்து ஊதியபடியே கொஞ்சம் கொஞ்சமாக முக்கினேன். இயந்திரத்தில் செருகுகிற கழுத்துப் பகுதிக்குப் பக்கத்தில், சுருள் மடிப்பின் அடியிலிருந்து, கடுகு கடுகாகக் குமிழி வந்தது. கண்ணாடி போட்டுப் பார்த்தும் ஓட்டை தெரியவில்லை. கை பரபரத்தது, சொல்யூஷன் தடவி ஒரு துண்டு ஒட்டிவிடலாமா என்று. ஒட்டவில்லை. அந்தப் பசையின் வாடையைத்தான் இரவு முழுக்க இழுக்க வேண்டியிருக்கும். புதுக் குழாய் வாங்கினேன்.

அடுத்தது மாஸ்க்கின் சிலிக்கோன் விளிம்பு. புதிதாக இருக்கும்போது அது விரலுக்குள் மடங்கி, விட்டதும் துள்ளி எழும். என்னுடையது மஞ்சளித்து, தடவினால் பிசுபிசுத்து, மடக்கினால் மடங்கியபடியே கிடந்தது. முகத்தின் எண்ணெய்ப் பசை அதை மெல்ல மெல்லக் கெடுத்துவிடுகிறது. அதற்கப்புறம் வாரை எவ்வளவு இறுக்கினாலும் புண்தான் மிச்சம். நான் முதலில் போன கடையில் முழு மாஸ்க்கையும் மாற்றியாக வேண்டும் என்று சொல்லி ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டார்கள். விளிம்பு மட்டும் தனியாகக் கிடைக்கும் என்று பிறகுதான் தெரிந்தது. நீ உன் மாஸ்க்கின் மாடல் பெயரையும் அளவையும் சொல்லி, விளிம்பை மட்டும் கேள்.

அமெரிக்க மெடிக்கேர் காப்பீட்டில் குழாய்க்கு 3 மாதம், தலைப்பட்டைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் 6 மாதம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். கைக்காசில் வாங்குகிற நமக்கு அந்தக் கணக்கு கட்டுப்படியாகாது. சைக்கிள் டயரை நாள் பார்த்தா மாற்றினோம்? கையால் தடவிப் பார்த்துத்தானே மாற்றினோம். மாதம் ஒரு நாள் எல்லாவற்றையும் கழற்றி வெளிச்சத்தில் வைத்துப் பார், போதும். ஃபில்டரை மட்டும் அடிக்கடி பார். நீ மரக்கடையில் இருக்கிறாய், உன் துணியோடு அறைக்குள் மரத்தூள் வரும். சாம்பல் நிறமாகிவிட்டால் தூக்கி எறி. வெள்ளைத்தாள் போன்ற ஃபில்டரைக் கழுவவே கூடாது. படுக்கிற அறையில் ஊதுவத்தியும் வேண்டாம்.

நாற்றத்துக்குக் காரணம் பெரும்பாலும் ஈரம். காலையில் எழுந்ததும் தொட்டியில் மிச்சமுள்ள தண்ணீரைக் கொட்டிவிடு. தண்ணீரோடு இயந்திரத்தைச் சாய்த்துவிடாதே, மோட்டாருக்குள் போய்விடும். மாஸ்க்கைத் தினமும், குழாயையும் தொட்டியையும் வாரம் ஒருமுறை, வெதுவெதுப்பான நீரில் வாசனையில்லாத லேசான சோப்புப் போட்டுக் கழுவு. பிளீச்சிங் எதுவும் வேண்டாம். குழாயை நிழலில், இரண்டு முனையும் கீழே தொங்குகிற மாதிரி கொடியில் போடு. வெயில் பட்டால் சீக்கிரம் கெட்டுப்போகும். இந்த ஆடி மாதத்தில் மாலையில் கழுவினால் படுக்கும்போதும் ஈரமாகவே இருக்கிறது. அதனால் நான் காலையில்தான் கழுவுகிறேன். சாரல் குளிரில் குழாய்க்குள்ளேயே ஆவி தண்ணீராகி மூக்கில் சொட்டியது. இயந்திரத்தைத் தலைமாட்டு ஸ்டூலிலிருந்து தரைப் பக்கம் இறக்கி, குழாய்க்குப் பழைய போர்வைத் துணியில் உறை தைத்துப் போட்டாள் வீட்டுக்காரி. நின்றுவிட்டது. புனலூர் வெக்கையில் உனக்கு அந்தத் தொல்லை குறைவாகத்தான் இருக்கும்.

உன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றுகிறாய் என்று நினைக்கிறேன். வேண்டாம். காய்ச்சினாலும் உப்பு போகாது, தொட்டியில் வெள்ளையாகப் படியும். மருந்துக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் கேட்டு வாங்கு. பேட்டரிக்கு ஊற்றுவது வேண்டாம். இப்போது படிந்திருப்பதைப் போக்க, பத்துப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு வெள்ளை வினிகர் கலந்து ஊறவைத்து நன்றாக அலசு. ஓசோன் விட்டுச் சுத்தம் செய்கிற பெட்டி ஒன்று வாங்கலாம் என்று என் பையன் காட்டினான். அப்படிப்பட்டவற்றுக்கு அப்போது தன் ஒப்புதல் இல்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2020இல் எச்சரித்தது. ஓசோன் நுரையீரலுக்கு ஆகாது. நமக்குச் சோப்பும் பேசினும் இருக்கின்றன.

சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் 1981இல் இந்த வைத்தியத்தை எழுதி வெளியிட்டபோது, மாஸ்க்கைத் தினமும் இரவில் பசை வைத்து முகத்தில் ஒட்டினார்களாம். அதைப் படித்தபோது, ஒரு விளிம்பை மாற்றச் சோம்பல்பட்டுக் கொண்டிருந்தோமே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

விளிம்பும் குழாயும் புதிதாக மாற்றிய பிறகு என் எண் மறுபடி 3க்கு வந்தது. உனக்கும் இறங்கும். இறங்காவிட்டால் காற்றழுத்தத்தைத் திருத்த வேண்டியிருக்கலாம், மருத்துவரிடம் போவோம், நானும் கூட வருகிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ரயிலில் புறப்பட்டு வருகிறேன். பதின்மூன்று கண் பாலத்தை மழையில் பார்த்தும் ரொம்ப நாளாகிறது. கையில் புதுக் குழாய் ஒன்று கொண்டுவருவேன். நீ இயந்திரத்தைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வை; தங்கையிடம் சொல்லி ஒரு பெரிய பேசினில் தண்ணீரும் எடுத்து வை.

அன்புடன்,
மாடசாமி