சின்னக் குன்றைத் திறந்துவிடுங்கள்: எங்கள் ஹாங் கிளைடர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பயிற்றுநர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன மாதம் இரண்டாம் ஞாயிறு மாலை நம் மைதானத்தில் ஒரு மாணவன் இறங்கும்போது விழுந்து கை முறிந்ததை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உங்களில் மூன்று பேர் அங்கேயே நின்றிருந்தீர்கள். ஆம்புலன்ஸுக்கு வழிகாட்ட வாசலுக்கு ஓடியவன் நான். இதே விஷயமாக இதற்கு முன் இரண்டு முறை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். கூட்டத்தில் பேசுவோம் என்றீர்கள். இரண்டு கூட்டங்கள் முடிந்துவிட்டன. இந்த முறை தமிழில் எழுதுகிறேன். சிட்னியில் நம்மவர்கள் சிலர் சங்கத்தில் சேர என்னிடம் விசாரிக்கிறார்கள், அவர்களும் படிக்கட்டும் என்றுதான். அவர்களுக்காக ஒரு வரி: ஹாங் கிளைடர் என்பது இன்ஜின் இல்லாத பெரிய இறக்கை, அதற்குக் கீழே தொங்கியபடி பறக்கிறோம். ஆங்கிலப் பிரதி உங்களுக்குத் தனியாக வந்து சேரும்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. மூடி வைத்திருக்கும் நம் பயிற்சிக் குன்றை, அந்தச் சின்னக் குன்றை, மறுபடி திறந்து, மாதத்தில் ஒரு ஞாயிறையாவது இறங்கும் பயிற்சிக்கு மட்டும் ஒதுக்குங்கள்.

அன்று மாலை காற்று சுத்தமாக நின்றுபோயிருந்தது. காற்றின் திசை காட்டும் துணிக்குழாயான காற்றுப்பை கம்பத்தோடு ஒட்டித் தொங்கியது. அந்தத் தம்பி வந்த விதத்தில் ஒரு குறையும் இல்லை. மைதானத்தின் ஓரமாக வந்து, திரும்பி, நேர்கோட்டில் இறங்கினான். இறக்கை சாயவில்லை. வேகம் சரியாக இருந்தது. இறக்கைக்குக் கீழே இருக்கும் முக்கோணக் கம்பியின் அடிப்பக்கத்தை, அதாவது கீழ்க் கம்பியை, பிடித்திருந்த கைகளை ஒவ்வொன்றாக எடுத்து அதன் பக்கவாட்டுக் குழாய்களுக்கு மாற்றினான். உடம்பை நிமிர்த்தினான். கால் தரையைத் தொட்டும் தொடாமலும் புல்லுக்கு மேல் மிதந்து வந்தான். அதுவரை பாடப்புத்தகம் மாதிரி.

அதற்குப் பிறகுதான் அந்த ஒரு நொடி. வேகம் வடிந்து, கையில் உணரும் அழுத்தம் மாறி, இறக்கை இனித் தாங்காது என்று தோன்றும் கணத்தில் இரண்டு கையையும் மேல்நோக்கி முழுசாகத் தள்ள வேண்டும். கிளைடரின் மூக்கு நிமிரும், இறக்கை சுவர் மாதிரி எழுந்து நிற்கும், கால் தரையில் பதியும். அவன் அந்தக் கணத்தைத் தவறவிட்டான். மூக்கு கவிழ்ந்தது, கீழ்க் கம்பி புல்லில் குத்திக் கிளைடர் நின்றது, ஆள் நிற்கவில்லை. குழாய்களை இறுகப் பிடித்திருந்த கைகளில் வலது கையின் மேல் எலும்பு முறிந்தது. ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு அவன் என்னிடம் சொன்னது இதுதான்: "எப்பத் தள்ளணும்னே தெரியலண்ணா." எலும்பில் தகடு வைத்திருக்கிறார்கள். மின்வேலை செய்கிற பையன். கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் மூன்று மாதம் வீட்டில் இருக்கப் போகிறான்.

அவனுக்கு எப்படித் தெரியும்? நாம் சொல்லிக்கொடுத்த விதத்தைப் பாருங்கள். இருவர் பறக்கும் கிளைடரில் பயிற்றுநரோடு, சிறு விமானம் இழுத்துக்கொண்டு மேலே போக, 600 மீட்டரில் கயிற்றை விட்டுச் சுற்றிச் சுற்றி வருகிறோம். இறங்கும்போது வயிறு தரையைப் பார்க்கப் படுத்தபடியே சக்கரத்தில் உருண்டு நிற்கிறோம். அப்படியே பாடம் முடிகிறது. காலில் இறங்குவது என்பது முதல் முறை தனியாகப் பறக்கும் அன்றுதான் வருகிறது. அதாவது பயிற்றுநர் பக்கத்தில் இல்லாத அன்று. அந்தத் தம்பிக்கு அன்றையது வாழ்க்கையிலேயே காலில் இறங்கிய ஆறாவது முறை. முதல் ஐந்தும் நல்ல எதிர்காற்றில். எதிர்காற்று இருந்தால் தரையைப் பொறுத்த வேகம் குறைந்துவிடும், லேசாகத் தள்ளி இரண்டு எட்டு வைத்தால் போதும். முழு பலத்தில் தள்ளினால் பின்னுக்கே தூக்கிப் போட்டுவிடும். காற்றே இல்லாத நாளில் நிலைமை தலைகீழ். மணிக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற உடம்பை ஒரே தள்ளில் நிறுத்தியாக வேண்டும். இந்த இரண்டும் ஒரே பாடம் இல்லை. அவனுக்கு முதல் பாதியைப் படிக்கவைத்து இரண்டாம் பாதியில் பரீட்சை வைத்தோம்.

"கை சொல்லும், அப்போது தள்ளு" என்கிறார் ஒரு பயிற்றுநர். "எண்ணிக்கொண்டே வா" என்கிறார் இன்னொருவர். இருவருமே நல்லவர்கள், நன்றாகப் பறப்பவர்கள். ஆனால் இது சொல்லி வருகிற விஷயமில்லை. என் அம்மா அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும்போது பதம் பார்ப்பார். ஒரு கணம் முந்தினால் எண்ணெயில் பிரிந்து போகும், பிந்தினால் கல்லாகிவிடும். அந்தப் பதத்தை அவர் எனக்கு வாயால் விளக்கியதே இல்லை. அடுப்பு பக்கத்தில் நிற்கவைத்தார், ஒவ்வொரு தீபாவளிக்கும். கிளைடர் இறக்கமும் அப்படித்தான். முந்தித் தள்ளினால் கிளைடர் பத்தடி மேலே ஏறி, அங்கேயே வேகம் இழந்து தொப்பென்று விழும். பிந்தினால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டோம். நடுவில் இருக்கும் பதம் கைக்குத்தான் தெரியும், கைக்குத் தெரிய நிறைய தடவை இறங்க வேண்டும்.

அந்த நிறைய தடவையைத் தருவது குன்றுதான். நீங்கள் குன்றை மூடுவதற்கு முன் மூன்று ஞாயிறுகள் எனக்குக் கிடைத்தன. மூன்று நாளில் 24 இறக்கம். 25 கிலோ கிளைடரைத் தோளில் தூக்கிக்கொண்டு, புல்லில் கால் வழுக்க, ஒவ்வொரு முறையும் மேலே ஏற வேண்டும். பறப்பது பத்துப் பன்னிரண்டு நொடிதான். மறுநாள் படி ஏற முடியாது. ஆனால் நேற்றைய தப்பை இன்று நினைவுபடுத்திப் பார்க்கும் அவசியமே இல்லை. பத்து நிமிடத்துக்கு முன் செய்த தப்பு கையிலேயே சூடாக இருக்கும். அடுத்த ஓட்டத்தில் திருத்தலாம். விழுந்தாலும் ஆளுயரத்திலிருந்து சக்கரத்தின் மேல் விழுகிறோம். பயிற்றுநர் பத்து மீட்டர் தள்ளி நின்று "இப்ப!" என்று கத்துவார். மூன்றாம் ஞாயிறு கடைசி நான்கு தடவையும் நின்றபடி இறங்கினேன். அப்புறம் குன்று மூடப்பட்டது. அதன்பின் ஏழு மாதத்தில், விமானம் இழுத்துப் போன பறத்தல்களில் எனக்குக் கிடைத்தது 22 இறக்கம். நின்றபடி இறங்கியது ஐந்து. கற்றதும் கையை விட்டுப் போகிறது.

குன்று வேண்டும் என்பது நான் புதிதாகக் கண்டுபிடித்த யோசனை இல்லை. கிளைடரில் பறந்த முன்னோடி ஓட்டோ லிலியந்தால் என்ற ஜெர்மானியரை உங்களுக்குத் தெரியும். 1894ஆம் ஆண்டு பெர்லின் பக்கத்தில் லிக்டர்ஃபெல்ட என்ற இடத்தில் 15 மீட்டர் உயரத்துக்கு மண்ணைக் குவித்து ஒரு குன்றையே கட்டினார். காற்று எந்தத் திசையில் அடித்தாலும் அதற்கு எதிராக ஓடி இறங்கலாம் என்று கூம்பு மாதிரி கட்டினார். ஐந்தே ஆண்டில் 2000 தடவைக்கு மேல் பறந்தார் என்கிறார்கள். தரைக்கு வந்ததும் கால்களை முன்னுக்கு வீசி, உடம்பைப் பின்னுக்குத் தள்ளி, இறக்கையை நிமிர்த்தி நிற்பார். அவரும் விழுந்துதானே இறந்தார் என்று யாராவது கேட்கலாம். 1896 ஆகஸ்டில் அவர் விழுந்தது வேறொரு மலையில், உயரத்தில் இறக்கை வேகம் இழந்ததால். இறங்கத் தெரியாமல் இல்லை. பயிற்சிக்கு மலை இல்லையென்று மண் சுமந்து மலை கட்டிய மனிதர் அவர். நம்மிடம் மலையே இருக்கிறது, வாயிலில் பூட்டு தொங்குகிறது.

அதே 1894 நவம்பர் 12ஆம் தேதி இந்த நியூ சவுத் வேல்ஸில், ஸ்டான்வெல் பார்க் கடற்கரையில், பறத்தலை ஆராய்ந்த லாரன்ஸ் ஹார்கிரேவ் பெட்டி வடிவப் பட்டங்கள் நான்கைக் கோத்துத் தரையிலிருந்து கிட்டத்தட்ட ஐந்து மீட்டர் எழும்பினார். அதற்கு மேலே இருக்கும் பால்ட் ஹில் மேட்டில்தான் எனக்கு இந்த ஆசையே வந்தது. ஹெலன்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோயிலில் கும்பிட்டுவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடலைப் பார்க்கப் போவோம். கிளைடர்கள் எங்கள் கண் மட்டத்தில் மிதக்கும். கீழே புல்வெளியில் ஒருவர் கொக்கு உட்கார்கிற மாதிரி சத்தமில்லாமல் இறங்கி, இரண்டு எட்டு நடந்து நின்றதைப் பார்த்தேன். பறந்ததைவிட அந்த இறக்கம்தான் என்னைச் சேரவைத்தது. உலகம் முழுக்க ஹாங் கிளைடரில் பிடிக்கிற முக்கோணக் கம்பியும் இந்த மாநிலத்திலிருந்துதான் பரவியது. 1963இல் கிராஃப்டனில் ஜான் டிக்கன்சன் அது வைத்த கிளைடரைச் செய்து கிளாரன்ஸ் ஆற்றில் படகால் இழுத்துப் பறக்கவிட்டார். இப்பேர்ப்பட்ட இடத்தில் ஒரு மாணவனுக்கு இறங்கிப் பழக இடமில்லை என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

வருத்தம் மட்டும் இல்லை, கோபமும் உண்டு. நம் சங்கத்தில் எதை மதிக்கிறோம்? பதிவேட்டில் எத்தனை மணி நேரம் பறந்தாய் என்று ஒரு பத்தி இருக்கிறது. எத்தனை முறை நின்றபடி இறங்கினாய் என்று பத்தியே இல்லை. சுவரில் மாட்டியிருக்கும் படங்கள் எல்லாம் மேலே போகிறவை. கீழ்க் கம்பியில் சக்கரம் மாட்டியவன் கற்றுக்குட்டி என்று பார்க்கப்படுகிறான். அதனாலேயே சக்கரத்தைச் சீக்கிரம் கழற்றிவிடத் துடிக்கிறான். அந்தத் தம்பியும் விழுவதற்கு இரண்டு வாரத்துக்கு முன் கழற்றியவன்தான், யாரும் தடுக்கவில்லை. ஆண்டு விருந்தில் மூக்குக் குத்தி விழுந்த காட்சிகளை ஓடவிட்டு எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன், அது தப்பு. விழுந்தவரில் ஒருவர்கூட அன்று எழுந்து, எனக்கு இறங்கக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்கவில்லை. சிரிப்புக்குப் பிறகு எப்படிக் கேட்பார்? சந்தா வருடா வருடம் ஏறுகிறது. இழுவை விமானத்துக்குப் புது இன்ஜின் வந்துவிட்டது. குன்றின் வேலிக்கதவுக்குக் கீல் வாங்கக் காசில்லை என்கிறீர்கள்.

மன்னிக்கவும், எங்கேயோ போய்விட்டேன். நீங்கள் யாரும் சம்பளத்துக்கு இதைச் செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். வார இறுதியைக் கொடுத்துத்தான் எங்களுக்குப் பறக்கக் கற்றுத்தந்தீர்கள். விமானம் இழுத்துப் போவதை நிறுத்தச் சொல்லவில்லை. காற்றைப் படிக்க, வட்டம் அடிக்க, மைதானத்தை அளந்து வர அதைவிட நல்ல வழியில்லை. அதோடு குன்றையும் கொடுங்கள் என்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு. காலைக் காற்றில் சில இறக்கம், காற்று நின்ற பிறகு சில இறக்கம். புதியவர்கள் தனியாக உயரம் போவதற்கு முன், காற்றில்லாத நிலையிலும் நின்றபடி இறங்குகிறார்களா என்று பயிற்றுநர் குன்றிலேயே பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். அதுவரை சக்கரம் கட்டாயம் இருக்கட்டும். சமநிலை தப்பினால் குழாய்களை இறுகப் பிடித்துத் தொங்காமல் கையை விட்டுவிடு என்று தரையில் நிற்கவைத்தே சொல்லிக்கொடுங்கள். இதற்கு முழு நாள்கூட வேண்டாம்.

குன்றுக்கு யாரும் வருவதில்லை, தூக்கிக்கொண்டு ஏற முடியவில்லை என்கிறார்கள் என்று போன கூட்டத்தில் சொன்னீர்கள். வருகிறவர்கள் இருக்கிறோம். என்னோடு ஆறு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், பட்டியல் ஆங்கிலப் பிரதியோடு இருக்கிறது. ஒருவருடைய கிளைடரை இன்னொருவர் சேர்ந்து தூக்கினால் வயதானவர்களும் ஏறலாம். எங்களில் ஒருவரிடம் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி இருக்கிறது, பாதி உயரம் வரை அதிலேயே ஏற்றலாம்.

அடுத்த கூட்டம் 18ஆம் தேதி என்று அறிவித்திருக்கிறீர்கள். இதை முதல் விஷயமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று பணிவோடு கேட்கிறேன். முடிவு எதுவானாலும் எழுத்தில் தாருங்கள். சம்மதம் என்றால், சனிக்கிழமையே வந்து புல்லை வெட்டி, கல் பொறுக்கி, காற்றுப்பைக் கம்பம் நடுவது எங்கள் பொறுப்பு. கீல் நான் வாங்கிவிட்டேன், வண்டியில் கிடக்கிறது. சாவியை மட்டும் யாரிடம் வாங்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பயிற்சி மாணவர்களில் ஒருவன்