கோழிக் கட்டிக்கு 55 வருஷம், இதற்கு எத்தனை? நோபல் பேரவைக்கு ஒரு திறந்த மடல்

ஸ்டாக்ஹோம் கரோலின்ஸ்கா இன்ஸ்டிட்யூட்டில் உட்கார்ந்து மருத்துவ நோபலை முடிவு செய்யும் ஐம்பது பேராசிரியர்களுக்கு,

வணக்கம். பரிசு தாமதமாகிறது என்ற புகார் உங்களுக்குப் புதிதில்லை, நேராக விஷயத்துக்கே வருகிறேன். கபோசி சர்கோமா என்ற புற்றைக் கிளப்பும் வைரஸைக் கண்டுபிடித்த யுவான் சாங், பேட்ரிக் மூர் இருவருக்கும் நீங்கள் இன்னும் பரிசு கொடுக்கவில்லை. எனக்கு இது ஏன் உறுத்துகிறது என்று சொல்ல, உங்கள் வீட்டுப் பழைய கணக்கு ஒன்றைக் கிளற வேண்டியிருக்கிறது.

1909-இல் நியூயார்க் ராக்ஃபெல்லர் மருத்துவ ஆய்வு நிலையத்துக்கு ஒரு பிளிமத் ராக் இனக் கோழி வந்தது, நெஞ்சில் பெரிய கட்டியோடு. அங்கே ஆய்வாளராக இருந்த பெய்டன் ரவுஸ் அதை அறுத்துப் பார்த்தார். சர்கோமா, அதாவது தசை, எலும்பு, கொழுப்பு, ரத்தக் குழாய் மாதிரியான திசுக்களில் கிளம்பும் புற்று. கட்டியை மணலோடு சேர்த்து அரைத்து, உப்புக் கரைசலில் கலக்கி, செல்லும் பாக்டீரியாவும் புக முடியாத வடிகட்டியில் வடித்து, அடியில் இறங்கிய தெளிந்த நீரை மட்டும் வேறு கோழிகளுக்கு ஊசி போட்டார். அவற்றுக்கும் அதே கட்டி வந்தது. புற்றைக் கிளப்பியது செல் இல்லை, அதைவிடச் சிறிய ஏதோ ஒன்று. 1911-இல் வெளியிட்டார், யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. கோழிக்கு வந்தால் நமக்கென்ன என்றார்கள், அது உண்மையான புற்றே இல்லை என்றும் சொன்னார்கள். (1908-இலேயே கோபன்ஹேகனில் எல்லர்மனும் பாங்கும் கோழி ரத்தப் புற்றை இதே வழியில் பரப்பிக் காட்டியிருந்தார்கள், ஆனால் அந்தக் காலத்தில் ரத்தப் புற்றைப் புற்றுக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.)

ரவுஸின் பெயர் உங்கள் மேசைக்கு முதலில் வந்தது 1926-இல். அந்த வருஷப் பரிசு யாருக்குப் போனது என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டென்மார்க்கின் யோஹன்னஸ் ஃபிபிகர், கரப்பான்பூச்சி வழியாக எலிக்குள் போகும் புழுதான் இரைப்பையில் புற்று உண்டாக்குகிறது என்று சொன்னவர். பின்னால் பார்த்தால் அந்த எலிகளுக்கு வைட்டமின் ஏ குறைபாடு, கட்டிகளும் புற்றே இல்லை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை அண்டாது என்பார்கள், நீங்களும் அதற்கப்புறம் புற்றுநோய் என்றாலே பல பத்தாண்டுகள் ஒதுங்கியே இருந்தீர்கள். ரவுஸுக்குக் கடைசியில் கொடுத்தது 1966-இல், அவருக்கு 87 வயது. அவர் மகளைக் கட்டிய ஆலன் ஹாட்ஜ்கினுக்கே மூன்று வருஷம் முன்னால், 1963-இல், கொடுத்துவிட்டீர்கள்! மாப்பிள்ளை வாங்கிய பிறகு மாமனார் வாங்கிய கதை வேறெங்கும் இருக்கிறதா தெரியவில்லை. நோபல் தன் உயிலில் எழுதியது, கடந்த ஆண்டில் மனிதகுலத்துக்கு நன்மை செய்தவர்களுக்கு என்றுதான்.

ரவுஸ் உயிரோடு இருந்ததால் தப்பித்தீர்கள். எல்லர்மன் 1924-இலேயே போய்விட்டார். அந்தக் கோழி வைரஸோ இன்னும் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. அதிலிருந்த, புற்றைத் தூண்டும் சார்க் என்ற மரபணு கோழியின் சொந்த செல்லிலிருந்து வைரஸ் தூக்கிக்கொண்டு வந்தது என்று 1976-இல் பிஷப், வார்மஸ் குழு காட்டியது. புற்றின் விதை நம் செல்லுக்குள்ளேயே இருக்கிறது என்ற எண்ணம் அங்கிருந்துதான் வேர்பிடித்தது. அதற்கு 1989-இல் கொடுத்தீர்கள். அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் ஸ்டெஹெலினை விட்டுவிட்டு என்பது தனிக்கதை, அவரும் சும்மா இருக்கவில்லை.

சரி, சாங், மூர் விஷயம். மனிதர்களுக்கு வரும் சர்கோமாக்களில் பெரும்பாலானவற்றுக்கு வைரஸ் காரணமில்லை. கபோசி சர்கோமா விதிவிலக்கு. வியன்னாவில் தோல் மருத்துவர் கபோசி 1872-இல் எழுதிவைத்தது, தோலில் ஊதா நிறத் திட்டுகள், பெரும்பாலும் வயதான ஆண்களின் கால்களில். 1981-இல் அமெரிக்காவில் இளைஞர்களுக்கே அது வேகமாக வந்தபோதுதான் எய்ட்ஸ் என்று ஒன்று இருப்பது வெளியே தெரிந்தது. எல்லோரும் எச்ஐவி மேல் பழியைப் போட்டார்கள். ஆனால் ரத்தப் பொருட்கள் வழியாக எச்ஐவி வந்த ஹீமோபிலியா (ரத்தம் சரியாக உறையாத நோய்) நோயாளிகளுக்கு இந்தச் சர்கோமா மிகக் குறைவு, தன்பாலுறவு ஆண்களுக்கோ பல மடங்கு அதிகம். எச்ஐவி மட்டும் காரணம் என்றால் இந்த வித்தியாசம் எப்படி வரும்? வேறொரு கிருமி கூட இருக்கிறது என்று 1990-இல் நோய்ப் பரவலை ஆராயும் வலெரி பெரலும் சகாக்களும் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். அந்தக் கிருமியைப் பிடித்தது சாங்கும் மூரும். ஒரே நோயாளியின் கட்டியிலிருந்தும் நல்ல திசுவிலிருந்தும் டிஎன்ஏ எடுத்து, இரண்டிலும் பொதுவாக இருப்பதையெல்லாம் கழித்துக்கொண்டே போனார்கள். மிஞ்சியது இரண்டு துண்டு, மனிதனுடையது இல்லை, ஹெர்பிஸ் குடும்பத்துப் புது வைரஸ் ஒன்றுடையது. 1994 டிசம்பரில் வெளியானது. போதாதென்று, 2008-இல் மெர்கல் செல் புற்று என்ற அரிய தோல் புற்றில் இன்னொரு வைரஸையும் இதே ஆய்வகம் கண்டுபிடித்தது. மனிதப் புற்று வைரஸ்களே விரல்விட்டு எண்ணும் அளவுதான், அதில் இரண்டு இவர்களுடையது.

நன்மை கண்ணுக்குத் தெரியட்டும் என்று காத்திருக்கிறீர்களோ என்னவோ. கருப்பை வாய்ப் புற்றைக் கிளப்பும் எச்பிவி வைரஸுக்காக ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008-இல் கொடுத்தபோது தடுப்பூசி சந்தைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கபோசி சர்கோமா வைரஸுக்கு இன்னும் தடுப்பூசி இல்லை. உகாண்டா மாதிரி நாடுகளில் இது எச்சில் வழியாகச் சின்ன வயதிலேயே தொற்றுகிறது, எச்ஐவியும் சேர்ந்தால் சர்கோமாவாகிறது, அங்கே இது அரிய நோய் இல்லை, ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுகளில் ஒன்று. நோபல் கொடுத்தால் தடுப்பூசி வந்துவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனால் தடுப்பூசி வந்த பிறகுதான் நோபல் என்றால், பணக்கார நாடுகளுக்கு வரும் நோயைக் கண்டுபிடித்தவர்களுக்கு மட்டுமே உங்கள் பரிசு சீக்கிரம் கிடைக்கும்.

ஒரு பரிசை மூன்று பேர் பகிரலாம் என்பது உங்கள் விதி. மூன்றாவது இடத்துக்கு நான் பெரலைத்தான் சொல்லியிருப்பேன். அவர் 2022-இல் இறந்துவிட்டார், இறந்தவர்களுக்கு நீங்கள் கொடுப்பதில்லை. மீதி இருவர் இருக்கிறார்கள். ஜனவரி 31-க்குள் வரும் பரிந்துரைகளில் அவர்கள் பெயர் இருந்தால் இந்த முறை அதை ஓரமாக வைக்காதீர்கள். வைப்பதாக இருந்தால், காரணத்தை 50 வருஷம் பூட்டிவைக்காமல், நாங்கள் படிக்கிற காலத்துக்குள் திறந்து காட்டுங்கள்.