சுண்டல் விஷயம்

பியோரியா, இல்லினாய்
4 நவம்பர் 2025

அன்புள்ள மீனா,

ஏட்டி, முதலில் திட்டித் தீர்த்துவிடு, அப்புறம் படி. ஏழு மாதமாக வாட்ஸ்அப்பில் கட்டைவிரலை மட்டும் காட்டிக்கொண்டிருக்கிறேன் என்று நீ சொன்னது சரிதான். ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய அம்மாவின் கல்லறைப் படத்துக்கும் ஒரு கும்பிடு போட்டதோடு நிறுத்திக்கொண்டேன். அதற்குப் பதில் எழுதுவதென்றால் வெள்ளிக்கிழமை இங்கே நடந்ததையும் சொல்லியாக வேண்டும். ஃபோனில் சொன்னால் நடுவில் சிரித்தே கெடுத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

நலம். அவருக்கு முதுகுவலி தேவலை. பெரியவள் கல்லூரி விடுதியிலிருந்து பணம் கேட்க மட்டும் கூப்பிடுகிறாள். சின்னவனுக்குப் பத்து முடிந்து பல்லில் கம்பி ஏறிவிட்டது. ரேடியோ டீச்சர் போன செய்தி கேட்டு அன்றைக்கு முழுக்க மனசே சரியில்லை. கடைசி வரைக்கும் அந்தக் குரல் அப்படியே இருந்ததா?

சரி, வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். அக்டோபர் 31, ஹாலோவீன். பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டு வருகிற நாள். எதிர்வீட்டுக் கிழவி, அவருடைய அலுவலகத்தில் மூன்று குடும்பம், பையனின் கூட்டாளிகள் என்று பதினைந்து பேரைக் கூப்பிட்டுவிட்டேன். பீஃப் ஸ்டியூ வைத்து, அதைப் பூசணிக்குள் ஊற்றி மேஜை நடுவில் வைப்பது என்று திட்டம். எனக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்பாய். அவரும் கேட்டார். இந்த ஊரில் செப்டம்பர் வந்தாலே பூசணிப் பைத்தியம் பிடித்துவிடும். ஆற்றைத் தாண்டிப் பதினைந்து நிமிஷம் போனால் மோர்ட்டன். உலகத்தின் பூசணித் தலைநகர் என்று பட்டம் வாங்கிய ஊர். இந்த நாட்டில் டப்பாவில் அடைத்து விற்கிற பூசணியில் பெரும்பங்கு அங்கே இருக்கிற லிபீஸ் ஆலையிலிருந்துதான் போகிறது. டப்பாவுக்குள் போகிற ரகம் ஆரஞ்சு நிறமே இல்லை தெரியுமா? வெளிறிப்போய், நீளவாட்டில், நம் ஊர்ச் சந்தையில் கீற்றுப் போட்டு விற்பார்களே, கிட்டத்தட்ட அதுமாதிரி இருக்கும். வாசலில் உட்கார்ந்து பல் இளிக்கிற ஆரஞ்சுக்காரன் பார்வைக்கு மட்டும்தான். உள்ளே வெறும் நாரும் தண்ணீரும்.

பண்ணையில் இருந்த அம்மாள் இதைத் தெளிவாகச் சொன்னாள். "செதுக்க வேண்டுமா, சமைக்க வேண்டுமா? இரண்டுக்கும் வேறு வேறு." சமைக்கிற ரகம் குட்டியாக இருந்தது. பதினைந்து பேருக்கு இது எங்கே காணும் என்று நான் பெரிதாக ஒன்றைத் தூக்கி வந்துவிட்டேன். குட்டியிலும் ஒன்று வாங்கினேன். அது எதற்கென்று பிறகு சொல்கிறேன்.

இனி கறி. கடையில் 'ஸ்டியூ மீட்' என்று நறுக்கி வைத்திருப்பதை வாங்கவே கூடாது. நாலு இடத்துத் துண்டுகளைச் சேர்த்துப் போட்டிருப்பான். ஒன்று வேகும்போது இன்னொன்று சக்கையாகிவிடும். தோள்பக்கத்துக் கறி முழுசாக, ஆறு பவுண்டு, நம் கணக்கில் 2.7 கிலோ வாங்கினேன். புதன் இரவே பெரிய துண்டுகளாக நறுக்கி உப்புப் பிசிறி வைத்தாயிற்று. வியாழக்கிழமை தாளால் ஈரம் ஒற்றி, சட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுச் சிவக்க வறுத்தேன். மொத்தமாகக் கொட்டினால் தண்ணீர் விட்டுக்கொண்டு அவியுமே தவிரச் சிவக்காது. அம்மா கறி வறுக்கும்போது, "அள்ளிப் போடாதட்டி, அதுக்கும் மூச்சு விட இடம் வேணும்" என்பாளே, அதேதான். வெங்காயம், தக்காளி விழுது, கொஞ்சம் மைதா, பிரிஞ்சி இலை, தைம், கறிச்சாறு. கூடவே அவர் ஒளித்து வைத்திருந்த கறுப்பு பியர் ஒரு பாட்டில். அயர்லாந்துக்காரன் கொண்டுவந்த பண்டிகைக்கு அயர்லாந்துப் பியர் என்று சமாதானம் சொன்னேன். இன்னும் முணுமுணுத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

மூடியைப் போட்டு ஓவனில் 160 டிகிரி செல்சியஸில் மூன்று மணி நேரம். இறைச்சிக்குள் இருக்கிற சவ்வெல்லாம் கரைந்து, குழம்பு உதட்டில் ஒட்டுகிற பதத்துக்கு அவ்வளவு நேரம் பிடிக்கும். கடைசி ஒரு மணி நேரத்தில் கேரட், உருளைக்கிழங்கு, இரண்டு டர்னிப். அந்தக் காலத்து அயர்லாந்தில் பூசணி ஏது? டர்னிப்பைக் குடைந்துதான் முகம் செதுக்கி விளக்கு வைத்தார்களாம். அமெரிக்காவுக்கு வந்த பிறகுதான் பூசணி அகப்பட்டது. நானும் ஒரு டர்னிப்பில் முகம் செதுக்கிப் பார்த்தேன். ரேடியோ டீச்சர் மாதிரியே வந்தது. குழம்பில் போட மனசு வராமல் ஜன்னலில் வைத்துவிட்டேன். அதற்கு அப்புறம்தான் உன் செய்தி வந்தது. இன்னும் அங்கேதான் சுருங்கிக்கொண்டிருக்கிறாள்.

ராத்திரி ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் மேலே உறைந்திருந்த கொழுப்பை வழித்துச் சூடு பண்ணினேன். மறுநாள் கறிக்கு ருசி கூடும் என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, எச்சில் சட்டி வழித்தவளே.

அலங்காரம் பையன் பொறுப்பு. கேரட்டில் நீளமாக வரிகள் கீறி வில்லை போட்டால் குட்டிக் குட்டிப் பூசணி. உருளைக்கிழங்கு மசியலில் பேய்க் குவியல், அதற்கு இரண்டு மிளகு கண். மொசரெல்லா உருண்டையில் ஆலிவ் வட்டத்தைச் செருகி மனிதக் கண் செய்து குழம்பில் மிதக்க விட்டான். சூட்டில் சீஸ் இளகிக் கண்ணெல்லாம் அழுது வடிந்தது. கடைசியில் நான் ஒரு வேலை செய்தேன். தேங்காய்க் கொத்தைத் தேங்காய் எண்ணெயில் சிவக்க வறுத்து, கறிவேப்பிலையும் இடித்த மிளகும் சேர்த்து மேலே கொட்டினேன். எதிர்வீட்டுக் கிழவி ஒன்றை எடுத்துப் பார்த்து, இது என்ன என்றாள். "சூனியக்காரியின் நகம்" என்றான் பையன். அதோடு அத்தனை பிள்ளைகளும் நகம் நகம் என்று பறந்தார்கள். அம்மாவின் சுண்டலில் நாம் பொறுக்கித் தின்ற அதே கொத்துதான், மீனா.

ஆமாம், வெள்ளிக்கிழமை. அம்மா இருந்தால் அதைத்தான் முதல் குற்றமாக எழுதியிருப்பாள். வெள்ளிக்கிழமையும் அதுவுமாகக் கறி, அதுவும் சகல புனிதர் திருநாளுக்கு முந்தின ராத்திரி! ஹாலோவீன் என்றாலே அந்த முந்தின ராத்திரிதான் என்று சொன்னால் நம்பியிருக்கவும் மாட்டாள். வாசலில் பூசணி முகத்தைப் பார்த்திருந்தால், புது வீட்டுத் திருஷ்டிக்குத் தடியங்காய் கட்டுவது பிள்ளைமார் வழக்கமாச்சே, உனக்கு எதுக்கு என்று கேட்டிருப்பாள்.

இப்போது அந்தக் குட்டிப் பூசணி. அலுவலகத்து ஆந்திரக் குடும்பம் மாட்டுக்கறி தொடாது. அவர்களுக்காகக் கொண்டைக்கடலையில் அதே மாதிரி ஒரு ஸ்டியூ. தனிச் சட்டி, தனிக் கரண்டி, குட்டிப் பூசணிக்குள். கூப்பிடும்போதே சொல்லிவிட்டேன், பீஃப் இருக்கும், உங்களுக்கு வேறு அடுப்பில் வேறு பாத்திரத்தில் இருக்கும் என்று. அந்தப் பெண் ஒரு சங்கடமும் இல்லாமல், "நல்லது, எது எது என்று காட்டிவிடுங்கள்" என்றாள். அவ்வளவுதான். காட்டிவிட்டேன். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள். இது பீஃப், இது சுண்டல் என்று வாழ்க்கையில் முதல்முறையாக உரக்கச் சொல்லிக் கை நீட்டினேன். உனக்குப் புரியும்.

பூசணி என்ன ஆனது என்று கேட்கவில்லையே. பெரியதை வெறுமனே ஓவனில் வைத்து வாட்டிக்கொண்டிருந்தேன். தோல் பக்கம் கெட்டியாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். அந்த நேரம் பார்த்து வாசலில் மிட்டாய்க்குப் பிள்ளைகள் வரிசை கட்டிவிட்டார்கள். வாசல் விளக்கு எரிந்தால் வருவார்கள், அணைத்துவிட்டால் வரமாட்டார்கள், அதுதான் இங்கே கணக்கு. நான் அணைக்கவில்லை. இருபது நிமிஷம் கூடுதலாகிவிட்டது. மேஜையில் வைத்து, குழம்பை ஊற்றி, எல்லோரும் படம் எடுத்து முடித்த மறுநொடி அடிப்பாகம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. என் கல்யாணத்துக்கு வந்த மேஜை விரிப்பு உனக்கு ஞாபகம் இருக்கிறதா? இனி ஞாபகத்தில் மட்டும்தான். சட்டியில் பாதிக்கு மேல் மீதி இருந்ததால் மானம் தப்பியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் உள்ளே போய்த் துணி எடுக்கிற சாக்கில் கொஞ்சநேரம் நின்றேன்.

அது பூசணிக்காக இல்லை. அதற்கு அரைமணி நேரம் முன்னால் நடந்த ஒன்று. அதைச் சொல்லத்தான் இத்தனை பக்கம் சுற்றி வந்திருக்கிறேன்.

பையன் எலும்புக்கூடு சட்டை போட்டு வாசலில் மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தான். நான் தட்டை நிரப்பிக்கொண்டு பின்னால் போனேன். ஒரு குட்டிப்பெண், பட்டாம்பூச்சி இறக்கை கட்டியிருந்தாள். நடைபாதையில் அவள் அம்மா நின்றார். நம் ஆள்தான், தமிழ். "ரொம்ப வாசனையா இருக்கே, என்ன சமையல்?" என்று கேட்டார். இவன் ஒரு நொடி அந்த முகத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டு, "சிக்கன் ஸ்டியூ, ஆன்ட்டி" என்றான்.

மீனா, நான் அவனுக்கு அப்படிச் சொல்லித் தந்ததே இல்லை. குக்கர், சுண்டல், கீழ்வீடு எதுவும் அவனுக்குத் தெரியாது. வேண்டுமென்றேதான் சொல்லாமல் வைத்திருந்தேன். ராத்திரி படுக்கும்போது கேட்டேன். "ஏன்டா அப்படிச் சொன்னே?" அவன் சாதாரணமாகச் சொன்னான்: "நீ அந்தப் பிறந்தநாள் வீட்டில் அப்படித்தானே சொன்னே. தமிழ் ஆன்ட்டி கேட்டா சிக்கன்." கை கழுவிவிட்டுச் சாப்பிட வேண்டும் என்கிற மாதிரி இதையும் ஒரு மரியாதை என்று படித்துவைத்திருக்கிறான்.

சொன்னேன்தான். போன வருஷம். சாப்பாட்டுப் பையில் என்ன என்று ஒருவர் சும்மா கேட்டதற்கு வாயில் அதுதான் வந்தது. அந்த ஆந்திரப் பெண்ணிடம் நேராகச் சொல்ல முடிகிறது, வெள்ளைக்காரக் கிழவியிடம் சொல்ல முடிகிறது. நம் ஆட்களிடம் மட்டும் நாக்கு புரண்டுவிடுகிறது. அம்மா பொய் சொன்னாள் என்றால் அவளுக்கு ஒரு காரணம் இருந்தது. ஐந்தாவது வாடகை வீடு அது. அட்வான்ஸ் கொடுத்த பணம், இரண்டு பிள்ளைகளின் பள்ளிக்கூடம், புருஷன் இல்லாத வீடு. குக்கரில் மாட்டுக்கறிக்கு எட்டு விசில் வரும்போது ஜன்னலைச் சாத்திவிட்டு, கேட்டால் சுண்டல் என்றாள். என் வீட்டுக்கு நானே கடன் கட்டுகிறேன். யார் வந்து காலி பண்ணச் சொல்லப்போகிறார்கள்? அந்தப் பட்டாம்பூச்சியின் அம்மா, "ஓ, பீஃபா" என்று சிரித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருப்பார். போகாமல் இருந்தாலும்தான் என்ன?

அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன் வீட்டு மாடி, குக்கர், நீ சட்டி வழித்தது வரைக்கும். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "அந்த வீட்டு ஓனர் ஆச்சிக்குத் தெரியுமா?" என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை.

இப்போது உன் படம். ஞாயிற்றுக்கிழமை காலை இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைக்கிற நாள். ஒரு மணி நேரம் மிச்சமாகக் கிடைத்தது, உட்கார்ந்து அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். செவ்வந்தி மாலை, நாலு மெழுகுவர்த்தி, கல்லைக் கழுவிவிட்டிருக்கிறாய். நான்கு வருஷமாக நீதான் போகிறாய், அதற்கு நன்றி சொன்னால் அடிப்பாய். ஆனால் படத்தின் இடது ஓரத்தில், மெழுகுவர்த்திக்குக் காற்றுப் படாமல் மறைத்துக்கொண்டு ஒரு கை இருக்கிறது. சுருக்கம் விழுந்த கை, பழைய கெம்புக்கல் மோதிரம். அது வீட்டுக்கார அத்தைதானே? அத்தை கல்லறைத் தோட்டத்துக்கு வந்தார்களா, எண்பது வயதில், அந்தப் படியெல்லாம் ஏறி?

அவர்களிடம் கேள். சுண்டல் விஷயம் தெரியுமா என்று நேராகவே கேள். கேட்டுவிட்டு, என்ன சொன்னார்கள் என்பதை அப்படியே எழுது. நீ எதையும் கூட்டிக் குறைக்காதே. பையனும் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

உன்
ஸ்டெல்லா

பி.கு: செதுக்குகிற பூசணியின் விதையை மட்டும் தூக்கிப் போடாதே. உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு வறுத்தால் நன்றாக இருக்கிறது. நீ எங்கே பூசணி செதுக்கப்போகிறாய், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.