வரலாற்று வாசிப்பு வட்டம்: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

முகலாயப் பேரரசர் ஔரங்கசீப்புக்கு மூன்று மாதம், அப்புறம் வேறு தலைப்பு என்றுதான் போன பொதுக்குழுவில் பேசி வைத்தோம். ஆண்டு முழுக்க அவரோடே போய்விட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை. முதல் கூட்டத்தில் பாதிப் பேர் 'கோயிலை இடித்தவர்' என்றார்கள், மீதிப் பேர் 'கோயிலுக்கு மானியம் கொடுத்தவர்' என்றார்கள். இரண்டும் உண்மைதான் என்று எல்லோரும் ஒத்துக்கொள்ளவே பல மாதம் ஆயிற்று.

1669இல் காசி விசுவநாதர் கோயிலும் 1670இல் மதுராவின் கேசவதேவர் கோயிலும் அவர் உத்தரவில் இடிக்கப்பட்டன. காசி அந்தணர்களுக்கு யாரும் தொந்தரவு தரக்கூடாது என்று 1659இல் ஆணை அனுப்பியவரும் அவரே. மதுரா பக்கம் ஜாட் விவசாயிகள் கிளர்ந்தெழுந்த நேரம் அது, அதனால் அந்த இடிப்பு வெறும் அரசியல் என்று ஒரு வாதம் வந்தது. என்னால் அதை முழுசாக ஏற்க முடியவில்லை. முஸ்லிம் அல்லாதவர்கள் மீதான ஜிஸியா வரியை, அக்பர் 1564இல் நீக்கியதை, 1679இல் திரும்பக் கொண்டுவந்தாரே, கிளர்ச்சிப் பக்கமே போகாத இந்துக் குடியானவனும் அதைக் கட்டித்தானே ஆக வேண்டியிருந்தது? அதே ஆட்சியில் ராஜபுத்திரர்களும் மராட்டியர்களும் பெரிய பதவிகளில் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நாடு பிடித்த கதையில் எல்லோரையும் உட்கார வைத்தது தக்காணம்தான். 1681இல் தெற்கே வந்தவர் 1686இல் பீஜப்பூர் சுல்தானகத்தையும் 1687இல் கோல்கொண்டா சுல்தானகத்தையும் எடுத்துக்கொண்டார், 1689இல் சிவாஜியின் மகனான மராட்டிய அரசர் சம்பாஜியைக் கொன்றார், ஆனாலும் போர் முடியவில்லை, சம்பாஜியின் தம்பி ராஜாராம் தப்பி நம்ம செஞ்சிக்கு வந்துவிட்டார்.

அதனால் செஞ்சிக்கே போனோம். இந்த ஆண்டின் நல்ல நாள் அதுதான். மூச்சு வாங்க ராஜகிரி ஏறி, எதிரே கிருஷ்ணகிரியையும் அந்தப் பக்கம் சந்திரகிரியையும், மூன்றையும் சேர்த்துக் கட்டிய மதிலையும் பார்த்த பிறகுதான், ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கானின் படை 1690இல் தொடங்கிய முற்றுகை 1698 வரை ஏன் இழுத்தது என்று புரிந்தது. கோட்டை விழுந்தபோது ராஜாராம் அங்கே இல்லை. பேரரசு அதுவரை இல்லாத அளவுக்குப் பரந்திருந்த அந்த ஆண்டுகளில்தான் அதன் பணமும் படையும் இப்படிக் கரைந்துகொண்டிருந்தன. ஔரங்கசீப் வடக்கே திரும்பாமலே 1707இல் அகமதுநகரில் இறந்தார்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். வண்டிச் செலவைப் பகிர்ந்துகொண்டவர்களுக்கும், வரைபடத்தைக் கையாலேயே வரைந்து தந்த உறுப்பினருக்கும் நன்றி. அடுத்த ஆண்டுக்கு ஆற்காட்டு நவாப்களை எடுக்கலாம் என்பது செயற்குழுவின் யோசனை, ஏனென்றால் அந்தக் கதையும் இந்த முற்றுகையிலிருந்துதான் கிளம்புகிறது. சரி என்றால் இன்றே தீர்மானம் போட்டுவிடலாம்.